புதுக் கம்ப்யூட்டருக்கு ஸ்டெப்னி எங்கே?

கார் வாங்குகிறவர் நான்கு சக்கரங்களைப் பார்த்துவிட்டுத் திருப்தி அடைந்துவிடுவதில்லை. டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி இருக்கிறதா என்று பார்க்கிறார். (இப்போது சில கார்களில் அதையும் எடுத்துவிட்டு, பஞ்சர் ஒட்டும் சாமானைக் கொடுத்து அனுப்புகிறார்கள். அது வேறு கதை.) தையல் மெஷின் வாங்கினால் சின்ன எண்ணெய்க் குப்பி, திருப்புளி, ஊசி, பாபின் எல்லாம் கூடவே வருகின்றன. விற்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும்: எந்தச் சாமானும் ஒரு நாள் மக்கர் பண்ணும்.

40 ஆயிரம், 50 ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் லேப்டாப்பின் பெட்டியைத் திறந்தால் என்ன இருக்கிறது?

மெஷின் இருக்கிறது. சார்ஜர் இருக்கிறது. நாலாக மடித்த ஒரு காகிதமும், வாரண்டி விவரமும் இருக்கின்றன. அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் இல்லை. அந்த மெஷினுக்கு உயிர் கொடுக்கும் இயங்குதளத்தை மறுபடி போட்டுக்கொள்வதற்கான தகடு. அது இல்லை என்பது வாங்குகிறவருக்கு அன்றைக்குத் தெரிவதில்லை. இரண்டு வருஷம் கழித்து, பரீட்சைக்கு முந்தின நாளோ, வருமானவரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கடைசி நாளோ, திரை கறுத்துப்போய் நிற்கும்போதுதான் தெரிகிறது.

விலை கொடுத்த சரக்கு

கம்ப்யூட்டர் என்பது வெறும் தகரமும் கண்ணாடியும் சில்லுமாகச் சேர்ந்த பெட்டி. அதைத் தட்டி எழுப்பி, விசையைத் தட்டினால் எழுத்தும், பொத்தானை அழுத்தினால் படமும் வரும்படி செய்வது இயங்குதளம். விண்டோஸ் என்ற பெயரில் உலகம் முழுவதும் பரவியிருப்பது அதுதான்.

கடையில் விற்கும் பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் அதை முன்கூட்டியே ஏற்றி வைத்துவிடுகிறார்கள். இது சௌகரியம். வீட்டுக்குக் கொண்டுவந்து ஸ்விட்சைப் போட்டால் வேலை செய்கிறது. ஆனால் இந்தச் சௌகரியத்தில் ஒரு விஷயம் மறைந்துபோகிறது. விண்டோஸ் இனாமாக வந்ததல்ல. கம்ப்யூட்டர் கம்பெனி அதற்கு மைக்ரோசாப்ட் கம்பெனிக்குப் பணம் கட்டியிருக்கிறது. அந்தப் பணம் வாங்குகிறவர் தலையில்தான் விழுந்திருக்கிறது. பில்லில் தனி வரியாக இல்லாததால் யாரும் கவனிப்பதில்லை.

பழைய நாளில் இது வேறு விதமாக இருந்தது. 1981-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஐ.பி.எம். கம்பெனி தன் முதல் பெர்சனல் கம்ப்யூட்டரை அமெரிக்காவில் வெளியிட்டபோது, இயங்குதளத்தைத் தனியாகத்தான் விலைக்கு வாங்கவேண்டும். பி.சி. டாஸ் என்று பெயர். விலை 40 டாலர். கையில் தொட்டுப் பார்க்கக்கூடிய பிளாப்பியில் கொடுத்தார்கள். மெஷின் கெட்டாலும் பிளாப்பி அலமாரியில் இருக்கும்.

1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-ந் தேதி விண்டோஸ் 95 வந்தது. அதைப் பிளாப்பியில் வாங்கினால் 13 பிளாப்பிகள். ஒன்றை எடுத்து ஒன்றைச் செருகிக்கொண்டே இருக்கவேண்டும். பத்தாவது பிளாப்பியில் பிழை என்று திரை சொன்னால் அழுகைதான் வரும். சி.டி.யும் கொடுத்தார்கள். அது ஒரே தகடு. கஷ்டமோ சுலபமோ, வாங்கியவன் பொருள் வாங்கியவன் கையில் இருந்தது.

மாற்றம் வந்தது 2000-ஆம் ஆண்டில். பெரிய கம்ப்யூட்டர் கம்பெனிகள் முழு விண்டோஸ் சி.டி.யைப் பெட்டியில் வைத்துக் கொடுக்கும் வழக்கத்தை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. அதற்குப் பதில், அந்தக் கம்பெனியின் மெஷினில் மட்டுமே வேலை செய்யும் மீட்புத் தகடு ஒன்றைத் தரலாம். அல்லது ஹார்டு டிஸ்க்கின் ஒரு மூலையில் பிரதியை வைத்துவிடலாம் என்று ஏற்பாடு ஆயிற்று. இரண்டு வழியில் எது மலிவு? தகடு அடிக்க வேண்டாம், உறை போட வேண்டாம், பெட்டியில் வைக்க ஆள் வேண்டாம். வரவரப் பல கம்பெனிகள் இரண்டாவது வழியைப் பிடித்துக்கொண்டன. தகடு போயிற்று.

பூட்டிய வீட்டுக்குள் மாற்றுச் சாவி

ஹார்டு டிஸ்க்கில் பத்து, பதினைந்து ஜி.பி. இடத்தைத் தடுத்து, சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாதபடி மறைத்து, அதற்குள் இயங்குதளத்தின் பிரதியை வைக்கிறார்கள். ஆபத்து வந்தால் கம்ப்யூட்டரைப் போடும்போதே ஒரு விசையை அழுத்தவேண்டும். எச்.பி. மெஷினில் எப்.11. ஆசூஸ் மெஷினில் எப்.9. ஏசர் மெஷினில் ஆல்ட் விசையையும் எப்.10 விசையையும் சேர்த்து. தோஷிபாவில் பூஜ்யத்தை அழுத்திப் பிடிக்கவேண்டும். ஆளுக்கு ஒரு விசை! மெஷின் செத்துக் கிடக்கும் நேரத்தில் இதை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்?

அது போகட்டும். விசை ஞாபகம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம். மெஷின் எதனால் செத்தது?

வைரஸினால் என்றால் பிழைக்க வழியுண்டு. மறைந்திருக்கும் பிரதி வெளியே வந்து, கடையிலிருந்து வந்த நாளில் இருந்ததுபோல் ஆக்கிவிடும். (கல்யாணப் போட்டோவும் கடன் கணக்கும் அதோடு அழிந்துபோகலாம். முதல் நாளில் இருந்த விளம்பரச் சாமான்கள் மட்டும் ஒழுங்காகத் திரும்பி வந்துவிடும்.) ஆனால் கெட்டுப்போனது ஹார்டு டிஸ்க்கே என்றால்? மாற்றுப் பிரதியும் அதே டிஸ்க்கில்தானே இருக்கிறது! அதுவும் சேர்ந்து போயிற்று.

வீட்டைப் பூட்டி, மாற்றுச் சாவியை வீட்டுக்குள்ளேயே ஆணியில் மாட்டிவிட்டு வந்ததுபோலத்தான் இது.

இதற்குக் கம்பெனிகள் ஒரு பதில் வைத்திருந்தன. "நீங்களே தகடு எடுத்துக்கொள்ளலாமே! மெஷினுக்குள்ளேயே அதற்கு ஒரு ஏற்பாடு இருக்கிறதே!" என்றார்கள். உண்மைதான். விண்டோஸ் 7 இருந்த காலத்தில் மூன்று நான்கு வெறும் டி.வி.டி. வாங்கிவந்து, பொறுமையாக உட்கார்ந்தால் எடுக்கலாம். வெறும் தகட்டின் விலையும், எடுக்கும் நேரமும், நடுவில் கெட்டுப்போனால் நஷ்டமும் வாங்கியவருடையவை. எச்.பி. மெஷின்களில் ஒரே ஒரு செட்டுத்தான் எடுக்கலாம் என்று கட்டுப்பாடும் இருந்தது. அந்தச் செட்டில் கீறல் விழுந்தால் கம்பெனியிடம் காசு கட்டி வாங்கிக்கொள்ளவேண்டியதுதான். ஏற்கெனவே விலை கொடுத்த பொருளுக்கு இரண்டாம் தடவை விலை.

புது கம்ப்யூட்டர் வந்த அன்று வீட்டில் யார் இந்த வேலையைச் செய்வார்கள்? பையன் விளையாட்டைத் தேடுகிறான். அப்பா போட்டோவை ஏற்றச் சொல்கிறார். திரையின் ஓரத்தில் "மீட்புத் தகடு எடுத்துவிட்டீர்களா?" என்று ஒரு சின்னக் கட்டம் வந்து நிற்கிறது. "பிறகு பார்க்கலாம்" என்ற பொத்தானை அழுத்துகிறார்கள். அந்தப் "பிறகு" வருவதே இல்லை.

கடைசியில் மெஷின் எங்கே போகிறது? சர்வீஸ் கடைக்கு. "ஓ.எஸ். போடணும்" என்கிறார் கடைக்காரர். போட்டும் தருகிறார். அவர் போடுவது எந்தப் பிரதி? மெஷினோடு வந்த உரிமத்துக்குச் சேர்ந்ததா, எங்கிருந்தோ எடுத்த திருட்டுப் பிரதியா? வாங்கியவருக்குத் தெரியாது. நல்ல கடைக்காரர்கள் நிறைய இருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கும் அவசரம். மேஜையில் பத்து லேப்டாப் காத்திருக்கிறது. கையில் இருக்கும் பென் டிரைவில் எது இருக்கிறதோ அதைத்தான் போடுகிறார்கள். இப்படி, நியாயமாகப் பணம் கொடுத்து வாங்கிய மனிதர், தமக்கே தெரியாமல் திருட்டுச் சரக்கை வைத்திருப்பவர் ஆகிவிடுகிறார். திருட்டுப் பிரதியோடு கூடவே வைரஸும் வருவதுண்டு.

கம்பெனி சொல்லும் காரணம்

கம்பெனியின் கட்சியையும் கேட்கவேண்டும். முழு சி.டி.யைக் கொடுத்தால், ஒரு சி.டி.யை வைத்துத் தெருவில் உள்ள எல்லாக் கம்ப்யூட்டருக்கும் போட்டுவிடுகிறார்கள் என்பது அவர்கள் வாதம். அதில் பொய் இல்லை. அப்படித்தான் நடந்தது. சென்னையிலும் நடந்தது, சிகாகோவிலும் நடந்தது.

ஆனால் அதைத் தடுக்க வேறு பூட்டுகள் வந்துவிட்டனவே! 2001-ஆம் ஆண்டு வந்த விண்டோஸ் எக்ஸ்.பி.யில், 25 எழுத்துக்கள் கொண்ட உரிமக் குறியைக் கொடுத்துப் பதிவுசெய்யும் முறை வந்தது. பெரிய கம்பெனிகளின் தகடோ, மெஷினின் பயாஸ் சில்லில் தன் கம்பெனியின் அடையாளம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வேலை செய்யும். வேறு கம்பெனி மெஷினில் போட்டால் கையை விரித்துவிடும். 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது உரிமக் குறியையே தாய்ப் பலகைச் சில்லுக்குள் எழுதிவிட்டார்கள். மெஷினின் அடியில் ஒட்டியிருந்த குறிச்சீட்டும் அதோடு போயிற்று. கதவில் இத்தனை பூட்டுப் போட்ட பிறகு, வீட்டுக்காரனிடம் சாவி கொடுக்க என்ன பயம்?

28 ஆயிரம் தகடுகள்

இந்தத் தகட்டுக்காக ஒரு மனிதர் ஜெயிலுக்கே போனார்.

அவர் பெயர் எரிக் லண்ட்கிரென். அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்தவர். பழைய கம்ப்யூட்டர், செல்போன், பேட்டரி முதலிய மின்னணுக் குப்பையை வாங்கி, பிழைக்கக்கூடியதைப் பிழைக்கவைப்பது அவர் தொழில்.

ஒரு விஷயம் அவர் கண்ணில் பட்டது. நல்ல நிலையில் உள்ள கம்ப்யூட்டர்களை ஜனங்கள் தூக்கி எறிகிறார்கள். மெஷினுக்கு ஒன்றும் இல்லை. அதற்கு உரிமமும் உண்டு, குறிச்சீட்டு அடியிலேயே ஒட்டியிருக்கிறது. இயங்குதளத்தைத் திரும்பப் போடத் தகடு இல்லை. அவ்வளவுதான் குறை.

டெல் கம்பெனி தன் கம்ப்யூட்டர்களோடு கொடுத்துவந்த மீட்புத் தகட்டைப் பிரதி எடுத்து, சீனாவில் ஒரு தொழிற்சாலையில் 28 ஆயிரம் தகடுகள் அடிக்கச் சொன்னார். பழைய கம்ப்யூட்டரைப் புதுப்பித்து விற்கும் கடைகளுக்குத் தகடு ஒன்று 25 சென்ட் விலையில் கொடுப்பது அவர் திட்டம். அதாவது கால் டாலர். தகட்டில் உரிமக் குறி கிடையாது. உரிமம் உள்ள மெஷினுக்குத்தான் அது பயன்படும்.

அவர் செய்த பெரிய தப்பு ஒன்று உண்டு. அசல் தகட்டில் இருந்த டெல் கம்பெனியின் முத்திரையையும் விண்டோஸ் முத்திரையையும் அப்படியே தம் தகட்டிலும் அச்சடிக்கவைத்தார். 2012-ல் அமெரிக்க அதிகாரிகள் சரக்கைப் பிடித்தார்கள். பிறகு புளோரிடாவில் பெடரல் கோர்ட்டில் வழக்கு நடந்தது. போலிச் சரக்கு வியாபாரத்துக்குச் சதி செய்ததையும், காப்புரிமையை மீறியதையும் அவர் ஒப்புக்கொண்டார்.

குற்றம் ஒப்புக்கொண்டாயிற்று. தண்டனை எவ்வளவு? அமெரிக்கச் சட்டத்தில் இது சரக்கின் மதிப்பைப் பொறுத்தது. இங்கேதான் சுவாரசியமான சண்டை.

சர்க்கார் தரப்பு முதலில் தகடு ஒன்றுக்கு 299 டாலர் என்று மதிப்புப் போட்டது. அந்தக் கணக்கில் மொத்தம் 83 லட்சம் டாலருக்கு மேல் ஆகிறது! பிறகு 25 டாலர் என்று இறங்கி வந்தது. பழைய மெஷின்களைப் புதுப்பிக்கும் அங்கீகாரக் கடைகளுக்கு மைக்ரோசாப்ட் வாங்கிய விலையைக் காட்டி அந்தக் கணக்கு. எதிர்த்தரப்போ, உரிமம் இல்லாத வெறும் தகட்டுக்கு மதிப்பு பூஜ்யம் என்றது. உரிமம் வைத்திருப்பவர் இதே மென்பொருளை இனாமாகப் பெறலாம். மதிப்பு உரிமத்துக்குத்தான், தகட்டுக்கு இல்லை என்று வாதாடியது.

நீதிபதி 25 டாலர் கணக்கை ஏற்றார். மொத்தம் 7 லட்சம் டாலர். 2017-ல் 15 மாதச் சிறைத் தண்டனையும் 50 ஆயிரம் டாலர் அபராதமும் விதித்தார். 2018 ஏப்ரலில் அப்பீல் கோர்ட்டும் அதை உறுதி செய்தது.

அசல்போல் முத்திரை போட்டு ஜனங்களை நம்பவைக்கப் பார்த்தார், லாபத்துக்காகத்தான் செய்தார் என்பது மைக்ரோசாப்ட் சொன்ன சமாதானம். பிறர் முத்திரையைப் போட்டது குற்றம்தான். அதில் இரண்டு பேச்சு இல்லை.

ஆனால் அந்த 25 டாலர் கணக்கை அப்படியே விட்டுவிட முடியாது. தகட்டின் மதிப்பு 25 டாலர் என்றால், தகடு இல்லாமல் கம்ப்யூட்டர் வாங்கிய ஒவ்வொருவரிடமிருந்தும் 25 டாலர் சரக்கைப் பிடித்தம் செய்துகொண்டதாக ஆகிறது. இல்லை, தகட்டுக்கு மதிப்பே கிடையாது என்றால், பெட்டியில் ஒன்றைப் போட்டுக் கொடுப்பதில் என்ன நஷ்டம்? இரண்டில் எது சரி என்றாலும் வாங்கியவர் பக்கம்தான் நியாயம் நிற்கிறது.

வேடிக்கை இன்னொன்று. விலையே இல்லாத இயங்குதளம் ஒன்றும் உலகத்தில் உண்டு. லினக்ஸ். அதில் ஒரு வகையான உபுண்டுவை வெளியிடுகிறவர்கள் 2005 முதல் 2011 வரை, கேட்டவர் விலாசத்துக்கெல்லாம் சி.டி.யைத் தபாலில் அனுப்பினார்கள். தகடும் இனாம், தபால் செலவும் இனாம். நம் ஊர்க் கல்லூரி மாணவர்கள் பலர் அப்படி வரவழைத்திருக்கிறார்கள். காசு வாங்காதவன் தகடு கொடுத்தான். காசு வாங்கியவன் கொடுக்கவில்லை.

ஆப்பிள் கம்பெனியும் முன்பு சாம்பல் நிறத் தகடுகளைக் கூடவே கொடுத்துவந்தது. 2010-ன் கடைசியில் வந்த மேக்புக் ஏர் மெஷினில் தகடு போடும் வசதி இல்லை. அதற்காகச் சும்மா இருந்துவிடவில்லை. நகம் அளவு மெலிந்த ஒரு பென் டிரைவில் எல்லாவற்றையும் போட்டுப் பெட்டியில் வைத்தார்கள். அடுத்த வருஷமே அதுவும் நின்றது. இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

இப்போது என்ன நிலை?

தகடு போடும் வசதியே இப்போது லேப்டாப்பில் அநேகமாக இல்லை. ஆகவே தகடு கேட்பது பழைய கதை என்று சிலர் சொல்கிறார்கள். விண்டோஸை மைக்ரோசாப்டின் இணையதளத்திலிருந்து யாரும் இறக்கிக்கொள்ளலாம். 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்று இருந்தால் போதும். உரிமம் மெஷினுக்குள்ளேயே இருப்பதால் குறியைத் தேடவும் வேண்டாம். டெல், எச்.பி., லெனோவா கம்பெனிகள் தங்கள் மெஷினுக்கென்று தனியாகவும் இறக்கிக்கொள்ள வழி வைத்திருக்கின்றன. பழைய நிலைக்கு இது எவ்வளவோ மேல். அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் இறக்குவதற்கு இன்னொரு கம்ப்யூட்டர் வேண்டுமே! வீட்டில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டர் படுத்துவிட்ட பிறகு எதில் இறக்குவது? பக்கத்து வீட்டுக்காரரிடம் போய் நிற்கவேண்டும். பல ஜி.பி. இறக்க நல்ல இணையம் வேண்டும். நகரத்தில் இது பெரிய விஷயமில்லை. செல்போன் கோபுரத்தை நம்பியே காலம் தள்ளும் ஊரில் ஒரு ராத்திரி முழுக்க விழித்திருக்க வேண்டிய விஷயம்.

2024 ஜூலை 19-ந் தேதி நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்புக் கம்பெனி அனுப்பிய பிழையான ஒரு மாற்றத்தால், உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரை காட்டி நின்றன. விமானங்கள் நின்றன. ஆஸ்பத்திரிகள் திண்டாடின. இணையத்தின் வழியாக எல்லாவற்றையும் சரிசெய்யலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் கடைசியில் என்ன செய்தார்கள்? மீட்பு வேலைக்கென்று பென் டிரைவில் ஏற்றிக்கொள்ளும் கருவி ஒன்றை மைக்ரோசாப்டே வெளியிட்டது. கம்ப்யூட்டர் கம்ப்யூட்டராகப் போய், கையால் செருகி, எழுப்பவேண்டியிருந்தது. மெஷின் எழுந்திருக்கவே மறுக்கும்போது, வெளியிலிருந்து செருகும் பொருள்தான் கைகொடுத்தது.

2022 டிசம்பரில் இந்திய சர்க்கார் "பழுதுபார்க்கும் உரிமை" என்று ஒரு இணையதளம் தொடங்கியது. வாங்கிய பொருளை வாங்கியவரே பழுதுபார்த்துக்கொள்ள வேண்டிய விவரங்களைக் கம்பெனிகள் கொடுக்கவேண்டும் என்பது நோக்கம். திருகாணியும் உதிரிப் பாகமும் மட்டும்தான் பழுதுபார்ப்பதில் சேர்ந்தவையா? கம்ப்யூட்டருக்கு முதல் உதிரிப் பாகமே இயங்குதளத்தின் பிரதிதான். அதையும் இந்தக் கணக்கில் சேர்த்து, முன்கூட்டியே ஏற்றி விற்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டரோடும் ஒரு மீட்புப் பென் டிரைவைக் கொடுக்கவேண்டும் என்று சர்க்கார் விதி செய்யலாம். 50 ஆயிரம் ரூபாய் சரக்கில் அந்தச் சின்னப் பென் டிரைவின் விலை யாரையும் ஏழையாக்கிவிடாது. அது முடியாது என்றால், "இதில் மீட்பு வசதி தனியாகத் தரப்படவில்லை" என்று பெட்டியின் மேலாவது பெரிய எழுத்தில், தமிழிலும் சேர்த்து, அச்சடிக்கச் சொல்லலாம். வாங்குகிறவர் கண்ணைத் திறந்துகொண்டு வாங்குவார்.

விதி வரும்வரை கடைக்காரரிடமே கேட்கவேண்டியதுதான். பணம் கொடுப்பதற்கு முன்னால் கேட்டால் பலன் உண்டு. கொடுத்த பிறகு கேட்டால் அவ்வளவு பலன் இருக்காது. பேரம் பேசும்போது பையும் மவுஸும் இனாமாகக் கேட்கிறார்கள். அவற்றுக்குப் பதில், அந்த மெஷினுக்குரிய விண்டோஸை ஏற்றிய பென் டிரைவ் ஒன்றைக் கேட்கலாம். கடையில் வேறு கம்ப்யூட்டர் இருக்கிறது, நல்ல இணையமும் இருக்கிறது. அவர்களுக்கு அது ஒரு மணி நேர வேலை. வாங்கி வந்த பென் டிரைவின் மேல் மெஷினின் மாடல் எண்ணையும், எழுப்பும்போது அழுத்தவேண்டிய விசையையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டி, பில்லோடும் வாரண்டி அட்டையோடும் சேர்த்து பீரோவில் வைத்துவிடலாம். சினிமாப் படம் ஏற்றிக்கொள்ள வீட்டுப் பையன்கள் அதை எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்வது தனி வேலை.